வாளியைப் பார்த்துச் சிரித்தோம்: எண்ணூர் எண்ணெய்க் கசிவு, ஒரு மறுவாசிப்பு

2017 பிப்ரவரியில் இந்த வலைப்பதிவில் ஒரு குறிப்பு எழுதினேன். எண்ணூர் பக்கம் கடலில் கொட்டிய எண்ணெயை இளைஞர்கள் வாளியில் அள்ளி, வரிசையாகக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் படம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பும் நாடு கடலை வாளியால் சுத்தம் பண்ணுது என்று ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. நானும் மதுரையில் உட்கார்ந்துகொண்டு என் பங்குக்கு நாலு பத்தி சிரித்தேன். அந்த வருஷம் நான் எழுதியதில் அதிகம் பேர் படித்ததும் பகிர்ந்ததும் அதைத்தான்.

அந்தக் குறிப்பு தப்பு. ஏன் தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாசம் ஒரு வேலையாக மண்டபம் போயிருந்தேன். டீக்கடையில் பேச்சு கப்பல், எண்ணெய் என்று போனபோது, பெருமையாக அந்தப் பழைய கதையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர், முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி தம்பி, அப்ப எதை வெச்சுத்தான் அள்ளணும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மெஷின் என்றேன். "என்ன மெஷினு?" அதற்கும் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. எதை வைத்து அள்ள வேண்டும் என்று தெரியாமலே, எதை வைத்து அள்ளினார்கள் என்று கேலி செய்திருக்கிறேன்.

என்ன நடந்தது

2017 ஜனவரி 28, விடிகாலை நாலு மணிவாக்கில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயு இறக்கிவிட்டு வெளியே வந்த பி.டபிள்யூ. மேப்பிள், எண்ணெய் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். டான் காஞ்சிபுரத்தில் ஓட்டை விழுந்து கனரக எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகத்திலிருந்து முதலில் செய்தி வந்தது. அப்புறம் சில டன் என்றார்கள். அப்புறம் 20 டன் என்றார்கள். கடைசியில் கணக்கு 200 டன்னையும் தாண்டிப் பேசப்பட்டது.

வடகிழக்குப் பருவக் காலத்தில் கிழக்குக் கடற்கரையோரம் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். அதனால் எண்ணெய் துறைமுகத்தை விட்டுத் தெற்கே இறங்கி, எர்ணாவூர் ஆர்.கே. நகர் குப்பம் பக்கம் கடலரிப்புக்காகக் கொட்டியிருந்த கற்களின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. மிச்சம் மெரினாவையும் தாண்டிப் போனது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவம் அது.

கடலோரக் காவல் படை, போலீஸ், மீனவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று நாளுக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள் இறங்கினார்கள். கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். கசடு கெட்டியாக இருந்ததால் அவற்றால் ஒழுங்காக இழுக்க முடியவில்லை. பிறகுதான் வாளி. நாம் சிரித்தது அங்கேதான்.

ஏன் வாளி?

எண்ணெய் கடலில் விழுந்ததும் என்ன ஆகிறது என்று படித்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

பெட்ரோல் மாதிரி லேசான எண்ணெய் என்றால் பெரும்பகுதி ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். கப்பலை ஓட்டும் எரிஎண்ணெய் அப்படி இல்லை. சுத்திகரிப்பு ஆலையில் எல்லாவற்றையும் வடித்து எடுத்த பிறகு அடியில் மிஞ்சுவது அது, கிட்டத்தட்ட தாருக்குத் தம்பி. அலை அதைக் கடையக் கடைய, எண்ணெய்க்குள் தண்ணீர் புகுந்து கெட்டிக் குழம்பாகிறது. தயிர் கடைந்து வெண்ணெய் திரள்கிற கதைதான், இங்கே திரள்வது கறுப்பாக இருக்கிறது. குழம்பில் முக்கால் பங்கு தண்ணீராகவே இருக்கக்கூடும். அதாவது ஒரு டன் எண்ணெய் மூணு, நாலு டன் கசடாக ஊதிவிடும். கொட்டியது இத்தனை டன், அள்ளியது அதைவிட அதிகமா என்று அப்போது பலர் கேட்டார்கள், நானும் கேட்டேன். கணக்கில் மோசடி என்று நினைத்தேன். அள்ளியதில் தண்ணீரும் மணலும் சேர்ந்திருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இந்தக் குழம்பை எடுக்க உலகத்தில் என்ன மெஷின் இருக்கிறது? கடல்மேல் மிதக்கும்போது 'பூம்' எனப்படும் மிதவைத் தடுப்பால் வளைத்து, 'ஸ்கிம்மர்' கருவியால் மேலாக வழித்தெடுக்கலாம். அமைதியான தண்ணீரில் இது நன்றாக வேலை செய்யும். அலை ஒரு மீட்டரைத் தாண்டினால் எண்ணெய் தடுப்புக்கு மேலேயும் கீழேயும் நழுவிவிடும். பெரிய கசிவுகளில், எல்லா வசதியும் உள்ள நாடுகளில்கூட, கடலிலிருந்து திரும்ப எடுக்க முடிவது பெரும்பாலும் நூற்றில் பத்து பதினைந்து பங்குதான்.

கரைக்கு வந்த பிறகு? கனரக எண்ணெய் கரை ஏறிவிட்டால் ஆட்கள் மண்வெட்டி, கரண்டி, வாளி வைத்து எடுப்பதுதான் உலகம் முழுக்க வழக்கம். பிரான்சிலும் ஸ்பெயினிலும் அப்படித்தான் எடுத்தார்கள். காரணம், புல்டோசர் விட்டால் எண்ணெயோடு சேர்த்து நல்ல மணலையும் டன் கணக்கில் வாரிக்கொண்டு போகும், மிச்சத்தை டயரால் உள்ளே மிதித்துப் புதைக்கும். கை நிதானமாக எடுக்கும், எண்ணெயை மட்டும் எடுக்கும். கல் இடுக்குக்குள் வேறு எதுவும் நுழையவும் நுழையாது.

பெரிய மெஷின் இறக்கியதால் கெட்ட கதையும் உண்டு. 1967இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே டாரி கேன்யன் கப்பல் உடைந்து லட்சம் டன்னுக்கு மேல் கொட்டியபோது, கரையெல்லாம் கரைப்பான் ரசாயனத்தை ஊற்றிக் கழுவினார்கள். எண்ணெயில் பிழைத்த நத்தையும் சிப்பியும் அந்த ரசாயனத்தில் செத்தன. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் சுமார் 37,000 டன் கொட்டியது. அங்கே கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அழுத்தத்தில் பீய்ச்சிப் பாறைகளைக் கழுவினார்கள். டி.வி.யில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில இடங்களைக் கழுவாமல் விட்டிருந்தார்கள். கழுவிய பாறையைவிடக் கழுவாத பாறையில்தான் உயிர்கள் சீக்கிரம் திரும்பின. அத்தனை செய்தும், இருபது வருஷம் கழித்து அதே கரையைத் தோண்டினால் உள்ளே எண்ணெய் இருந்தது.

ஆக, பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் வாளிதான் அய்யா.

சிரிப்பு எதை மறைத்தது

இங்கே நிறுத்தினால், அன்று நடந்ததெல்லாம் சரி என்று நான் சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது என் நோக்கம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. வாளியைப் பார்த்துச் சிரித்ததில் அவை அமுங்கிப்போயின.

அதே 2017 ஏப்ரலில் எங்கள் பக்கம் வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க தெர்மோகோல் அட்டை மிதக்கவிட்டார்கள். சில மணி நேரத்தில் காற்று எல்லாவற்றையும் கரையில் ஒதுக்கிவிட்டது. அந்தச் சிரிப்பு நியாயமானது. செய்த முறையே தப்பு, அந்த இடத்திலேயே தெரிந்தும் போனது. வாளியும் தெர்மோகோலும் நம் போனில் ஒரே வகை ஜோக்காகத்தான் வந்து விழுந்தன. ஒன்றில் முறை தப்பு, இன்னொன்றில் முறை சரி, சுற்றியிருந்த எல்லாம் தப்பு. இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்வதுதான் எழுதுகிறவன் வேலை. நான் செய்யவில்லை.

முதல் கேள்வி நேரம் பற்றியது. எண்ணெய் மெல்லிய படலமாக, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் மிதவைத் தடுப்பும் ஸ்கிம்மரும் உதவும். அந்த வாய்ப்பு மணிக்கணக்கில்தான் இருக்கும், பிறகு அது குழம்பாகிக் கரை ஏறிவிடும். பாதிப்பு இல்லை என்ற முதல் அறிவிப்பு தின்றது அந்த மணிநேரங்களைத்தான். கடலோரக் காவல் படை பொறுப்பில் உள்ள தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் 1996 முதல் இருக்கிறது, 2015இல் புதுப்பித்தார்கள். அதில் 700 டன் வரையான கசிவு முதல் நிலை, அதாவது அந்தந்தத் துறைமுகமே தன் கருவிகளை வைத்துச் சமாளிக்க வேண்டிய அளவு. எண்ணூரில் கொட்டியது, பெரிய கணக்கை எடுத்துக்கொண்டாலும், அதில் பாதிகூட இல்லை. மிகச் சின்ன வகுப்புப் பரீட்சையில் தோற்றதுதான் செய்தி. நாம் அதை விட்டுவிட்டு, தோற்ற பிறகு வந்து அள்ளிய பையன்களின் கையில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தோம்.

இரண்டாவது, அந்தக் கைகள். அள்ளியவர்களில் பலருக்குக் கையுறையோ பூட்ஸோ முகக்கவசமோ இல்லை. எரிஎண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்கள் இருக்கின்றன, தோல் வழியாகவும் உள்ளே போகும். வாளி சரியான கருவி என்றால், அதைப் பிடிக்கும் கைக்கு உறையும் முகத்துக்குக் கவசமும் அந்தக் கருவியின் பகுதிதான். சும்மா வந்து நின்ற மாணவனை வெறுங்காலோடு கசடில் இறக்கியதைத் தொண்டு என்று புகழ்ந்தோம் அல்லது ஜோக் அடித்தோம். அவனுக்கு அப்புறம் யாராவது மருத்துவப் பரிசோதனை செய்தார்களா என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது, அள்ளியது எங்கே போனது? இந்த ஒன்றில் நல்ல செய்தியும் உண்டு. கசடைத் துறைமுக வளாகத்திலேயே கொட்டி, எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைக் கலந்து மக்கவைக்கும் வேலையை இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு எடுத்துச் செய்தது. நம் நாட்டிலேயே உருவான தொழில்நுட்பம். விண்கலத்தோடு ஒப்பிட்டுச் சிரித்த நாங்கள் இதை ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆறு வருஷம் கழித்து

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். மணலியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. இங்கேயும் முதலில் மறுப்புத்தான், எங்கள் குழாய் எதிலும் கசிவில்லை என்றது சி.பி.சி.எல். ஆலை. பிறகு ஆலை வளாகத்தின் மழைநீர் மேலாண்மை போதாததுதான் காரணம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்துக் கெடு வைத்தது.

இந்த முறை தண்ணீரில் இறங்கியது பெரும்பாலும் மீனவர்களே. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆட்கள். தங்கள் படகில், தங்கள் கையால், தங்கள் ஆற்றிலிருந்து. எண்ணெயில் நனைந்த கூழைக்கடாவின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. படகின் பக்கப்பலகையில் ஒட்டிய தார், வீணாய்ப்போன வலை, சதுப்பில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களின் வருமானம் ஆகியவை அந்த அளவுக்கு வரவில்லை.

கடலில் கப்பல் கொட்டினால் உலக ஒப்பந்தங்கள் இருக்கின்றன, கப்பல்காரர் காப்பீடு வைத்தே ஆக வேண்டும், கேட்டு வாங்க ஒரு வழி இருக்கிறது. ஆலையிலிருந்து ஆற்றுவழி வந்தால் அந்த ஒப்பந்தங்கள் பேசாது. அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் 8.68 கோடி. மொத்தமாகச் சொன்னால் பெரிய தொகை மாதிரி இருக்கும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாசம் தொழில் இல்லை என்று வைத்தால், 12,500 என்பது நாளுக்கு 208 ரூபாய். இரண்டு மாசத்தில் எல்லாம் சரியாகிவிட்டதா என்பது அடுத்த கேள்வி.

'சுத்தம்' என்றால் என்ன

இதுதான் என் முக்கியமான விமர்சனம். அரசு அறிக்கைகள்மேல் மட்டும் இல்லை, பத்திரிகைகள்மேலும் என்மேலும் சேர்த்துத்தான்.

எண்ணெய்க் கசிவுச் செய்தி எப்போதும் ஒரே இடத்தில் முடிகிறது. இத்தனை சதவீதம் அள்ளியாச்சு, கரை சுத்தம். கண்ணுக்குக் கறுப்பு தெரியவில்லை என்பதுதான் அங்கே சுத்தம். கடற்கரையில் நடக்கிற ஆளின் சுத்தம் அது. நண்டின் சுத்தம் வேறு. அது வளை தோண்டும் சேற்றில் ஒரு முழம் கீழே எண்ணெய் இருந்தால், மேலே வெள்ளையாக இருந்து என்ன? அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சுவேரில் தார் படிந்தால், மரம் உடனே சாகாது, மெல்லத்தான் இலை கொட்டும், அதற்குள் நிருபர் போயிருப்பார். மீன்காரிக்குச் சுத்தம் இன்னும் தள்ளி இருக்கிறது: வாங்குகிறவர் மூக்கைச் சுளிக்காமல் கூடையில் கைவைக்கும் நாள்தான் அவருக்குக் கரை சுத்தமான நாள்.

2017இல் அதை நான் நேரில் பார்த்தேன், எழுதத்தான் இல்லை. கரிமேடு மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கப் போனபோது, எனக்கு முன்னால் நின்றவர் "மெட்ராஸ் மீனா?" என்று கேட்டார். "ராமேஸ்வரம் மீனுண்ணே, எண்ணெ கிண்ணெ ஒண்ணும் இல்ல, மோந்து பாருங்க" என்று அந்த அக்கா மீனைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்டினார். அவர் மோந்தார். நானும் மோந்தேன். 450 கிலோமீட்டர் வடக்கே கொட்டிய எண்ணெய்க்கு மதுரையில் ஒரு மீன்காரி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இந்த வரி வராது.

இழப்பை நிரூபிக்க, கசிவுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்ற கணக்கு வேண்டும். எத்தனை வகை மீன், எவ்வளவு இறால், சேற்றில் என்ன. அந்த முன்கணக்கு இருந்தால் கோர்ட்டில் தொகை பேசலாம். 2021 ஜூனில் கொழும்பு அருகே மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலுக்காக, இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. பணம் கைக்கு வருவது இன்னொரு போராட்டம். ஆனால் அந்த எண்ணைச் சொல்வதற்கே கடலுக்கும் கரைக்கும் மீனவருக்கும் நேர்ந்ததை யாரோ வருஷக்கணக்கில் உட்கார்ந்து கணக்கெடுத்திருக்க வேண்டும்.

மதுரைக்காரனுக்கு என்ன வந்தது

கடல் இல்லாத ஊர்க்காரன் ஏன் இத்தனை பேசுகிறாய் என்று கேட்கலாம். நம்ம தட்டில் விழும் மீனில் பெரும்பங்கு ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்து மீன். நடுவில் இருக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், பவளப்பாறை, கடற்புல், கடல்பசு. 1986இல் தேசியப் பூங்கா ஆனது, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். அந்தக் கரையில்தான் தூத்துக்குடித் துறைமுகமும் இருக்கிறது, தெற்கே இலங்கையைச் சுற்றிப் போகும் கப்பல் பாதை உலகத்திலேயே நெரிசலான பாதைகளில் ஒன்று.

2025 மே மாசம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு தனுஷ்கோடி மணல்வரை வந்தன. அதையும் ஆட்கள் குனிந்து, கையாலும் சல்லடையாலும்தான் பொறுக்கினார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. படம் அவ்வளவு வேடிக்கையாக இல்லையோ என்னவோ.

நாளைக்கு அங்கே எண்ணெய் கொட்டினால் வாளிதான் வரும். பவளப்பாறைமேல் ரசாயனம் தெளிக்க முடியாது, கடற்புல்லில் மெஷின் இறக்க முடியாது. அதனால் இப்போதே கேட்க வேண்டியவை இவை: முதல் மணிநேரத்தில் உண்மையைச் சொல்வது யார்? மிதவைத் தடுப்பு எந்தக் கிடங்கில் இருக்கிறது, கடைசியாக எப்போது விரித்துப் பார்த்தார்கள்? அள்ளப்போகும் மீனவருக்குக் கையுறையும் கூலியும் யார் கொடுப்பார்? இன்றைக்கு அந்தச் சேற்றில் என்ன உயிர் இருக்கிறது என்று யார் எழுதிவைத்திருக்கிறார்கள்?

2017 குறிப்பை அழிக்கவில்லை. அதன் தலையில் இந்தக் கட்டுரைக்கு ஒரு சுட்டி போட்டிருக்கிறேன். அடுத்த முறை மண்டபம் போனால் அந்தப் பெரியவரைத் தேடிப் பார்க்க வேண்டும். அவர் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. அவரிடம் அடுத்த கேள்வி தயாராக இருக்கும் என்றும் தெரியும்.